வானத்து ரேடாரும் முடிச்சூர் வெள்ளமும்

"சாட்டிலைட் விட்டாச்சு, இனிமே வெள்ளம் வந்தா முன்கூட்டியே தெரிஞ்சிடும்" என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். 'நிசார்' செயற்கைக்கோளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. பெருமைப்பட வேண்டிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் சுற்றுப்பாதையைப் புரிந்துகொண்டால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும்.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ராக்கெட்டில் ஏவப்பட்டது. எல்-பேண்ட் ரேடார் நாசாவினுடையது, எஸ்-பேண்ட் நம்முடையது. குடை போல விரியும் ஆன்டெனாவின் விட்டம் மட்டும் 12 மீட்டர்! சாதாரண கேமராவை மேகம் மறைத்துவிடும். ரேடாருக்கோ மேகமும் இருட்டும் தடையே இல்லை. நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏற்ற கருவிதான்.

இனி பாதைக்கு வருவோம். 747 கி.மீ. உயரத்தில், துருவங்களை ஒட்டி, சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் இந்தப் பாதையின் தளம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி திரும்புகிறது. அதனால் சூரியனைப் பார்த்த கோணம் மாறுவதில்லை. நம் ஊரைக் கடக்கும் நேரமும் எப்போதும் காலை ஆறு அல்லது மாலை ஆறு மணியை ஒட்டியே இருக்கும். 173 சுற்று முடித்து அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகிறது. காலைத் தடம், மாலைத் தடம் இரண்டையும் சேர்த்தாலும் 12 நாளில் ஏறக்குறைய இரண்டு பார்வைதான்.

வெள்ளம் 12 நாள் காத்திருக்குமா? 2015 டிசம்பர் 1-ந் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்களைப் படகில் மீட்டார்கள். அப்படி ஒரு ராத்திரியில் நிசார் சரியாக நம் தலைக்கு மேல் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்படின்னா இது எதுக்கு? மெல்ல மெல்ல நடக்கிற காரியங்களைக் கண்டுபிடிக்க! ஒரே தடம், ஒரே கோணம் என்பதால் பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படியே ஒப்பிடலாம். தரை சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் தெரியும். ஏரி சுருங்குவதும், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் மேடாவதும் இதில் பதிவாகும். வெள்ளத்துக்கு வாட்ச்மேனாக இருக்க நிசாரால் முடியாது. நிலத்துக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்க முடியும்.

அந்தக் கணக்கைப் படிப்பது யார்? படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருவது இத்திட்டத்தின் கொள்கை. ஆனால் தெருமுனைச் சிறுபாலத்துக்கு அடியில் மண் அடைத்திருப்பது 747 கி.மீ. உயரத்துக்குத் தெரியாது. அதை லெவல் மெஷினும் ஸ்டாஃபும் பிடிக்கத் தெரிந்த டிப்ளமோ மாணவன்தான் சொல்ல முடியும்.

ஆகவே என் கருத்து இதுதான். சிவில் பிரிவின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக, பழைய ரிப்போர்ட்டைக் காப்பி அடிப்பதை விட்டுவிட்டு, பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் ஏரிகளின் வரத்துக் கால்வாயையும் கலங்கலையும் வருடாவருடம் அளப்போம். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் ரேடார் படத்தோடு அதை ஒப்பிடட்டும். முடிவை வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் எழுத்தில் கொடுப்போம்.

மேலே இருப்பது தன் சுற்றைத் தவறாமல் சுற்றுகிறது. கீழே உள்ள வேலை நம்முடையது, தோழர்களே!