ஆயாவுக்குப் போலீஸ் விசாரணை, தாளாளருக்கு?

குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் பற்றிப் போலீஸ் விசாரணை நடத்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2020 மார்ச்சில் விதி செய்தது. போக்சோ விதிகள் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடமோ, காப்பகமோ, விளையாட்டுப் பயிற்சி நிலையமோ, எதுவானாலும் சரி. வாத்தியாரோ, மற்றச் சிப்பந்தியோ, நிரந்தர ஊழியரோ, ஒப்பந்தக் கூலியோ, எல்லோருக்கும் இது பொருந்தும். ஒரு தடவை விசாரித்தால் போதாது, காலாகாலத்தில் திரும்பவும் விசாரிக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை என்று சில தோழர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்து ஆயா யார்? சத்துணவுக் கூடத்தின் அடுப்படியில் வேகிற அக்கா யார்? பள்ளி வேன் ஓட்டுகிறவர் யார்? மாணவர் விடுதியில் ராத்திரிக் காவல் இருக்கிற பெரியவர் யார்? மில் மூடியபின் வேறு வேலை தேடிப் போன நம் தொழிலாளி. நாற்று நடவு இல்லாத மாதங்களில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்ட நம் வீட்டுப் பெண்கள். 2021 அக்டோபரில் தமிழக சர்க்கார் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்களே, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு! அவர்களும் நம் தெருப் பெண்களே. அந்தப் பள்ளியில் படிக்கிற, அந்த விடுதியில் தூங்குகிற பிள்ளைகளோ? அவர்களும் நம் பிள்ளைகளே. விசாரிக்கப்படுகிறவரும் நம்மவர், காப்பாற்றப்பட வேண்டிய குழந்தையும் நம்முடையது. ஆகவே “போலீஸ் விசாரணை கூடவே கூடாது” என்று ஒரே வாக்கில் கோஷம் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. “போலீஸ் பார்த்துக்கொள்ளும்” என்று தலையாட்டிவிட்டுப் போகவும் முடியாது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்தது நினைவிருக்கிறதா? தேசிய மாணவர் படை முகாம் என்று சொல்லி வெளியிலிருந்து சில பேர் வந்தார்கள். பள்ளியிலேயே மாணவிகளைத் தங்க வைத்து முகாம் நடத்தினார்கள். தேசிய மாணவர் படைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்ற புகார் வந்தபிறகுதான் இந்த மோசடி வெளியாயிற்று. போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று பள்ளி முதல்வரும் தாளாளருமே கைதானார்கள். வந்தவன் யார், யார் அனுப்பினார்கள், கையில் என்ன உத்தரவு இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தேசிய மாணவர் படை அலுவலகத்துக்கு ஒரு டெலிபோன் போட்டிருந்தால் போதும். காக்கிச் சட்டை போட்டு வந்தவனைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அதே பள்ளியின் வாசலைப் பெருக்க ஒரு பெண் போய் நின்றால், ஆதார் எங்கே, ரேஷன் கார்டு எங்கே, உன் புருஷன் என்ன செய்கிறான் என்று ஆயிரம் கேள்வி வரும்.

விசாரணை வேண்டும். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. குழந்தையைத் தொட்டுப் பழகுகிற வேலைக்கு வருகிறவன் முன்பு ஒரு குழந்தையைக் கெடுத்துத் தண்டனை பெற்றவனா என்று பார்க்காமல் உள்ளே விடுவது கொலைபாதகம். யாரை விசாரிப்பது, எதை விசாரிப்பது, விசாரித்த காகிதம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் யாரை என்பதைப் பார்ப்போம். பீகாரில் முசாபர்பூர் என்ற ஊரில் ஆதரவற்ற சிறுமிகளுக்கு ஒரு காப்பகம். சர்க்கார் மானியத்தில் ஒரு தொண்டு ஸ்தாபனம் அதை நடத்தியது. அதன் தலைவர் சாதாரண ஆள் அல்ல. பத்திரிகை முதலாளி, ஊரில் பெரிய மனிதர், அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர். எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டிருந்தாலும் அவருக்கு முதல் தரமான நற்சான்று கிடைத்திருக்கும். 2018-ல் டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மாநிலத்துக் காப்பகங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் அங்கே சீரழிக்கப்பட்டிருந்தார்கள். 2020 ஜனவரியில் டில்லி கோர்ட் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அடுத்த மாதம் அந்தத் தலைவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் சிறுமிகளைக் காப்பாற்றியது போலீஸ் சான்று அல்ல. வெளியிலிருந்து வந்த சிலர் அந்தச் சிறுமிகளுடன் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அவ்வளவுதான்!

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான் குற்றவாளி என்று சர்க்காரின் தேசியக் குற்றப் பதிவேடே வருஷா வருஷம் சொல்கிறது. சொந்தக்காரன், அண்டை வீட்டான், வாத்தியார், காப்பாளர். இவர்களில் பலர் மீது அதுவரை ஒரு வழக்கும் இருந்திருக்காது. போலீஸ் புத்தகத்தில் பெயர் இல்லாதவன் எல்லாம் யோக்கியன் என்று நம்புகிற பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை.

இனி, எதை விசாரிப்பது?

போலீஸ் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது ஏழை ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றம் என்றது அந்தச் சட்டம். ரேகைச் சட்டம் என்றே நம் ஜனங்கள் அதைச் சொன்னார்கள். பத்து விரலையும் மையில் தோய்த்து உருட்ட வேண்டும், அடுத்த ஊருக்குப் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைப் போலீஸ் சுட்டது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் பிணமானார்கள். சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-ல். புத்தி ஒழிந்ததா? 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது: பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களைச் சேர்ந்த நிரபராதிகளின் பெயர்களைப் போலீஸ் தன் சரித்திரப் பதிவேட்டில் யந்திரம் போல் ஏற்றுவதாக வரும் புகார்களை எல்லா மாநிலங்களும் கவனிக்க வேண்டும் என்று. நம் ஊரில் அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவனைக் கேடி என்பார்கள். ஒரு தரம் கேடி லிஸ்டில் பெயர் ஏறினால், ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

அடுத்தது நம் போராட்ட வழக்குகள். போனஸ் கேட்டு மில் வாசலில் நின்றாலும், கூலி பாக்கி கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தாலும், குடிதண்ணீர் கேட்டுச் சாலை மறித்தாலும், பழைய சட்டத்தின் 143 ஆவது பிரிவு ‘சட்டவிரோதமாகக் கூடினார்கள்’ என்று பாய்ந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் பிரிவின் நம்பர்தான் மாறியிருக்கிறது. குடத்தோடு வந்து மறியலில் உட்கார்ந்த ஒரு பெண் நாளைக்கு அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு மனுப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘வழக்கு உண்டு’ என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு வரி போகும். என்ன வழக்கு என்று யார் பார்க்கப் போகிறார்கள்? குழந்தையைக் கெடுத்தவனும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்டவளும் ஒரே வரியில்!

இது வீண் பயம் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் நகரசபைப் பள்ளி ஒன்றை 1971-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதில் வேலை செய்த ஓர் ஆசிரியரைப் பற்றிப் போலீஸ் ரிப்போர்ட் வந்தது. 1974-ல் அவருக்கு வேலை போயிற்று. திருடினாரா? பிள்ளைகளிடம் தவறாக நடந்தாரா? இல்லை. ஒரு கட்சியின் நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்பதுதான் ரிப்போர்ட். (அது ஜனசங்கம், நமக்கு நேர் எதிரான கட்சி. அதனால் என்ன? இன்று அவருக்கு நடந்தது நாளை நமக்கு.) 1983-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கம் செல்லாது என்றார், போலீஸ்காரர் சொல்லும் அரசியல் அபிப்பிராயத்தை வைத்து ஒருவரின் வேலையைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் சுப்ரீம் கோர்ட் வரை போக எத்தனை ஆயாக்களால் முடியும்?

காகிதம் யார் கைக்குப் போகிறது என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே கட்டிடக் கம்பெனிகள் சேர்ந்து ரகசியமாக ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருந்தன. 2009-ல் அது பிடிபட்டபோது அதில் 3,213 பெயர்கள் இருந்தன. சாரம் ஆடுகிறது, சரி செய் என்று கேட்டவர்கள், சங்கம் சேர்த்தவர்கள், இவர்களே அதில் பெரும்பாலோர். வருஷக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. போலீசிலிருந்தும் அந்தப் பட்டியலுக்குத் தகவல் போயிருக்கிறது என்று 2018-ல் லண்டன் போலீசே ஒப்புக்கொண்டது. நம் ஊர் ஒப்பந்தக்காரரின் மேஜையில் இந்தச் சான்றுகள் எல்லாம் குவிந்து கிடக்கின்றனவே, அவற்றுக்கு எந்தப் பூட்டு இருக்கிறது?

ஒரு சிக்கலான விஷயத்தையும் இங்கே பேசியாக வேண்டும். ‘தண்டனை பெற்றவர்களை மட்டும் தடுங்கள், வழக்கு நிலுவையில் இருப்பவரைத் தொடாதீர்கள்’ என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். சங்கக்காரனின் வாயில் இயற்கையாக வருகிற வாதம்தான். மற்ற வழக்குகளுக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். போக்சோ வழக்குக்கு ஒப்புக்கொள்ள முடியாது. முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன. அத்தனை காலமும் குற்றம் சாட்டப்பட்டவர் அதே விடுதியில் ராத்திரி டியூட்டி பார்க்கலாமா? நம் மகள் அங்கே தூங்கினால் சம்மதிப்போமா? குற்றப் பத்திரிகை தாக்கலானவரைக் குழந்தைகள் இல்லாத வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. விடுதலையானால் பழைய இடம் திரும்பக் கிடைக்க வேண்டும். நிரந்தர ஊழியர் சஸ்பெண்டானால் பிழைப்புப் படியாவது கிடைக்கிறது. ஒப்பந்தக் கூலிக்கு ‘நாளையிலிருந்து வராதே’ என்பதோடு சரி. பொய்ப் புகாருக்கும் அவனே பலி, மெய்ப் புகாரை மூடி மறைக்கவும் அவனே பலி. பெரிய இடத்தில் நடந்த தவற்றைக் காவலாளி தலையில் போட்டு முடித்த கதைகள் நமக்குத் தெரியாதவையா?

ஆகவே விசாரணை தாளாளரிடமிருந்து தொடங்கட்டும். டிரஸ்டிகள், மானியம் வாங்குகிற தொண்டு ஸ்தாபனத் தலைவர்கள், முகாம் நடத்த வருகிற ‘கௌரவ’ விருந்தாளிகள், இவர்களை விசாரித்துவிட்டு ஆயாவிடம் வாருங்கள். விதியில் ‘ஊழியர்’ என்று எழுதியிருக்கிறது. முதலாளி ஊழியர் அல்ல என்று தப்பிக்க இடம் கொடுக்காமல் அதைத் திருத்த வேண்டும். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றம், கொடிய வன்முறை, இவற்றைத் தவிர வேறெதுவும் சான்றில் வரக் கூடாது. வேலை நிறுத்தம், மறியல், கட்சி, சங்கம் எதுவும் கூடாது. சிறு வயதில் செய்த பிழையைப் பெரியவனான பின் தோண்டக் கூடாது என்று 2015 ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமே பொதுவாகச் சொல்கிறது. அது சான்றிலும் நடைமுறைக்கு வரட்டும். பாதகமான ரிப்போர்ட் வந்தால் அதை ஊழியருக்கு எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சான்றுக்கான கட்டணத்தை வேலை கொடுக்கிறவரே கட்டட்டும்; தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடப்பதும் போதாதென்று, காசும் அவர் மடியிலிருந்தா? முசாபர்பூரில் செய்தது போல வெளியாட்கள் வந்து குழந்தைகளிடம் தனியாகப் பேசுகிற ஏற்பாடும் ஒவ்வொரு விடுதிக்கும் வேண்டும். பெற்றோரும் ஊழியர் சங்கமும் அதில் இடம்பெற வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் ஜெயிக்கிற வரை படிவம் வரத்தான் செய்யும். அப்போது கவனியுங்கள். ‘தண்டனை உண்டா’, ‘வழக்கு உண்டா’, ‘கைதானது உண்டா’ என்பவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். மறியலில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டார்கள், வழக்குப் போட்டார்களா இல்லையா என்றே பல பேருக்குத் தெரியாது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது, சில அந்தரங்கமான வழக்குகள் நீங்கலாக. சங்க ஆபீசில் படித்த பிள்ளைகளைக் கொண்டு அதில் உங்கள் பெயரைத் தேடச் சொல்லுங்கள். இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் மன்னிக்கலாம் என்று அதே 2016-ல் அந்தக் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மன்னிப்பது நிர்வாகத்தின் இஷ்டம். மறைத்தான் என்ற சாக்கை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ‘கூலி கேட்டு மறியல் செய்த வழக்கு’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் பிரிவு நம்பரை மட்டும் எழுதாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு நகல் எடுத்துச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.