வாதம் வேறு, வசை வேறு

எதிர்க்கட்சியின் வழக்கை அறியாதவன் தன் வழக்கையும் அறியான் என்பது நியாயஸ்தலத்தில் நாம் கற்ற முதற் பாடம். அறிஞர் உலகம் இப்பாடத்தை மறந்து வருகிறதோ என்று நாம் அஞ்சுகின்றோம்.

இயந்திரம் சிந்திக்க வல்லதா என்னும் வினாவை 1950ஆம் ஆண்டில் ‘மைன்ட்’ என்னும் தத்துவ சஞ்சிகையில் ஆராய்ந்தார் ஆங்கிலக் கணித மேதை அலன் ரூறிங். தமது கருத்துக்கு மாறான ஒன்பது ஆட்சேபங்களை அவரே நிரைப்படுத்தினார். சமயவாதிகளின் ஆட்சேபத்தையும் விட்டுவிடாது, ஒவ்வொன்றுக்கும் விடை பகர்ந்தார். அதுவன்றோ அறிஞர் மரபு!

அவர் பெயரால் வழங்கப்படும் விருதின் 2018ஆம் ஆண்டுப் பரிசை ஜெப்றி ஹின்றன், யொசுவா பெஞ்சியோ, யான் லெகன் ஆகிய மூவரும் பகிர்ந்து கொண்டனர். செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைத் தடையின்றி எடுத்துரைப்பதற்காக ஹின்றன் 2023 மே மாதத்தில் கூகிள் கம்பனியை விட்டு விலகினார். மனித குலமே அழியக்கூடும் என்ற எச்சரிக்கையில் அவரும் பெஞ்சியோவும் கையொப்பமிட்டனர். லெகனோ அவ்வச்சம் ஆதாரமற்றதென மறுத்தார். இப்பிளவு இழுக்கன்று, கருத்து வேற்றுமை அறிவின் உயிர்நாடி. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரொறன்ரோ நகரில் பெஞ்சியோவும் லெகனும் ஒரே மேடையில் எதிரெதிராக நின்று வாதிட்டனர்.

இழுக்கு யாதெனில், அவ்வித வாதம் அருகி, வசை மலிந்தமையே. ஆபத்தை உரைப்போர் ‘பீதி வியாபாரிகள்’ எனப்படுகின்றனர். மறுப்போர் ‘கம்பனிகளின் கூலிகள்’ எனப்படுகின்றனர். இன்றே நிகழும் பாரபட்சத்தையும் வேலையிழப்பையும் சுட்டுவோரின் குரல் இவ்விரு கூச்சல்களுக்கிடையே அமுங்கிப் போகின்றது.

ஆராய்ச்சிக்குப் பணம் தருபவர் யார் என்று வினவலாகாதா? தாராளமாக வினவலாம். சாட்சிக்குள்ள சொந்த நலனை விசாரிக்கச் சட்டமும் இடமளிக்கின்றது. ஆயினும், கூலி பெற்றவர் என்று நிறுவியதனால் மட்டும் அவர் கூற்றுப் பொய்யாகிவிடாது. கூற்றை ஆதாரங்கொண்டே முறியடித்தல் வேண்டும்.

இதனால் எமக்கென்ன என்று கமக்காரரும் உத்தியோகத்தரும் கேட்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றிவிட்டது. கடன் கேட்பவனின் தகுதியையும், வேலை தேடுபவனின் விண்ணப்பத்தையும் இயந்திரம் எடைபோடும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. அதற்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதைப் பொதுமக்களே தீர்மானித்தல் வேண்டும். சாட்சிகள் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டிருந்தால் நீதிபதி எங்ஙனம் தீர்ப்பளிப்பார்? அக்குழப்பத்தில் இயந்திரத்தை விற்பவர்களின் விருப்பமே தீர்ப்பாகிவிடும்.

ஆகவே, அறிஞர்களிடம் நாம் கோருவது மூன்றே. எதிரியின் வாதத்தை அவரே ஒப்பும் விதத்தில் முதலில் எடுத்துரையுங்கள். உங்கள் சொந்த நலனை ஒளியாது வெளியிடுங்கள். அதன் பின்னர் எத்துணைக் கடுமையாகவும் மறுத்துரையுங்கள்.

கடுமையான வாதத்தைக் கேட்க மக்கள் ஆயத்தமாயிருக்கின்றனர். வசையைக் கேட்க அவர்களுக்கு அவகாசமில்லை.