பறப்பவனுக்கு மட்டுமே மாலையா?

மேடைதோறும் தொழிற்கல்வியின் மேன்மையை முழங்குகிறோம். வீடு திரும்பியதும் நம் பிள்ளை மருத்துவனாக வேண்டும், வழக்கறிஞனாக வேண்டும் என்றே துடிக்கிறோம். இந்த இரட்டை நாக்கைப் பற்றிப் பேசுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன், என் பழைய மாணவன், ஐந்தாம் படிவம் முடித்த கையோடு என்னைக் காண வந்தான். ஆகாயப்படையில் சேர்ந்து, வானூர்திகளின் மின்னமைப்பைப் பேணும் தொழில்நுட்பராக விரும்புவதாகச் சொன்னான். “வயர் முறுக்கவா, தம்பி, இவ்வளவு படித்தாய்?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து சென்றான். குனிந்திருக்க வேண்டியது என் தலை.

நான் இகழ்ந்த அந்த வேலைதான் யாது? நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. வானூர்தியிலோ 115 வோல்ட் மின்சாரம் வினாடிக்கு 400 சுழற்சிகள் கொண்டது. அதனால் மின்மாற்றிகளும் மோட்டார்களும் எடை குறைகின்றன. அதனோடு 28 வோல்ட் நேர்மின்சாரமும் ஓடுகிறது. போர் வானூர்தியில் ஆயுதம் விடுவிக்கும் சுற்றும் சேர்ந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் வரைபடத்தைக் கொண்டு தடம்பற்றிப் பழுதைக் கண்டுபிடிப்பது அறிவின் வேலையன்றி வேறென்ன?

கம்பியின் உறை சிறிது தேய்ந்தாலும் தீப்பொறி எழலாம். 1998 செப்டம்பர் 2ஆம் நாள் கனடாவின் கடலோரத்தில் விழுந்த சுவிஸ் ஏர் 111 பயணிகள் வானூர்தியில் 229 பேரும் மாண்டனர். கூரைக்குள் கம்பியில் எழுந்த தீப்பொறியே தீக்குப் பெரும்பாலும் காரணம் என ஆய்வாளர் முடிவு செய்தனர். ஆகவேதான் தொழில்நுட்பர் பணி முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்க்கிறார். ஒரு திருகுளி குறைந்தாலும் வானூர்தி எழும்பாது. செய்த பணிக்குத் தம் பெயரைக் கையெழுத்திடுகிறார். அக்கையெழுத்தை நம்பியே வானோடி ஏறுகிறார். நடத்தாத பாடத்தை நடத்தியதாக நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திடும் ஆசிரியர் நம்மில் எவரும் இலரோ? யார் யாரை இகழ்வது?

“படைத்தொழில் நமக்கு ஆகாது” என்பாரும் உளர். 1967இல் இந்நாட்டுக் கடற்படையின் தலைமையை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் என்பதை அவர்கள் மறந்தனரோ? 1958இல் தோன்றிய நம் ஆகாயப்படை 1997இல் ஹோர்னெட்டையும் 2007 முதல் சுகோயையும் பெற்றது. 2023இல் மேலும் 18 எப்.ஏ.-50 வானூர்திகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஒவ்வொன்றையும் பேணக் கைகள் வேண்டும். அக்கைகளுள் நம் பிள்ளைகளின் கைகள் எத்தனை என்று கேட்கும் உரிமை, அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிய நமக்கு உண்டா?

ஆசிரியப் பெருமக்களே, மின்னோட்டம் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் நடத்தாதீர்கள். அது ஒருவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தையும் காட்டுங்கள். மாணவர்களே, என்னைப் போன்றோர் ஏளனம் செய்தால் தலைகுனியாதீர்கள், எதிர்த்துக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை மீண்டும் என்னிடம் வரவேயில்லை. இனி ஒருவன் வந்தால், அவன் விண்ணப்பத்தை நானே உடனிருந்து நிரப்பிக் கொடுப்பேன்.