"வெறும் நம்பர்தானே"னு சொல்றவங்களுக்கு!

தோழர்களே, உங்க போன், டிவி, வீட்டு கேமரா ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேக் அட்ரஸ் உண்டு. எண்ணும் எழுத்தும் கலந்த 12 குறிகள். தயாரிக்கும்போதே பதியுற இந்த முகவரியில முதல் 6 குறி, எந்தக் கம்பெனி சரக்குன்னே காட்டிக்கொடுத்துடும்.

டிஎன்எஸ்ங்கிறது இணையத்தோட டெலிபோன் டைரக்டரி. பேரைக் கேட்டா ஐபி முகவரியைச் சொல்லும். பொது டிஎன்எஸ்ல இருக்கிறதை உலகத்துல யாரும் கேட்டுப் பார்க்கலாம். 2013 அக்டோபர்ல வந்த ஆர்எஃப்சி 7043, அந்த டைரக்டரியில மேக் அட்ரஸையும் எழுத வழி செஞ்சது. ஆனா, "பொது டிஎன்எஸ்ல போடாதீங்க"ன்னு எச்சரிச்சதும் அதே ஆவணம்தான்!

"போட்டா என்ன ஆகும்?"னு கேட்பாங்க. அதே 2013-ல லண்டன்ல நடந்ததைச் சொல்லுங்க. தெருவோரக் குப்பைத்தொட்டியில கருவி வெச்சு, கடந்துபோறவங்க போனோட மேக் அட்ரஸைச் சேகரிச்சாங்க. விளம்பர வியாபாரத்துக்காக! எதிர்ப்பு கிளம்பி, ஆகஸ்ட்ல உள்ளாட்சி நிர்வாகமே நிறுத்தச் சொல்லுச்சு.

தெருவுல பிடிச்ச நம்பரை, டைரக்டரியில உள்ள பேரோட பொருத்திட்டா? நம்பர் ஆளாயிடும். நீங்க எங்க போனீங்க, எப்போ போனீங்க, எல்லாம் அம்பலம். பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்தலாம். டிவிக்குள்ள பதிஞ்ச முகவரியை எத்தனை பேரால மாத்த முடியும்? பதிவை அழிச்சாலும், முன்னாடியே எடுத்த நகல் எவன்கிட்ட இருக்கோ!

தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017-ல உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகள் ஒருமனதா சொல்லிட்டாங்க. அது சலுகை இல்ல, உரிமை.

நெட்வொர்க் நடத்துறவங்களே, மேக் அட்ரஸ் தேவைன்னா உள் நெட்வொர்க்கோட நிறுத்துங்க. தோழர்களே, போன் வைஃபை செட்டிங்ல ரேண்டம் மேக் ஆன்ல இருக்கான்னு இப்பவே பாருங்க. பார்த்துட்டுப் பகிருங்க!

#தனியுரிமை_நம்_உரிமை