புது டிரைவரும் எவர்சில்வர் டம்ளரும்

ஆட்டம் சொதப்பினால், வார இறுதி கோல்ஃப்காரர் முதலில் சந்தேகப்படுவது தன் கையை அல்ல, பந்தைத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் மட்டையை. கொல்கத்தாவின் அலிப்பூர் கனவான்களும் விதிவிலக்கல்ல. புதிது வாங்கிவிட்டால் பந்து பறக்கும் என்று நம்பிக்கை. ஆனால் பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது. டிரைவர் முகப்பின் துள்ளலுக்கும் விதியில் உச்சவரம்பு உண்டு. காசு கொடுத்து எத்தனை கெஜம்தான் வாங்க முடியும்?

கணக்கு வேறு இடத்தில் உதைக்கிறது. 72 அடியில் முடியவேண்டிய ஆட்டத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டைக்கே போகிறது.

பக்கத்து டாலிகஞ்சில், 1829-இல் பிறந்த ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்தரைப் பராமரிப்பாளர் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பார்த்துப் பார்த்தே பழகியவர். பந்தை வெகுதூரம் விளாசுகிறவர் அல்ல. குழியருகே கைவந்த சின்ன அடிகளுக்காக ‘சிப்புட்சியா’ என்று செல்லப்பெயர் பெற்றவர். 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓப்பன் பட்டங்கள்!

வரவேற்பறைக் கம்பளத்தில் ஆறடி தள்ளி ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, தினமும் பத்து நிமிடம் பந்தை உருட்டிப் பழகலாம். டம்ளர் ஏற்கெனவே அடுக்களையில் இருக்கிறது.