பார்க்கிங் கேட்கும் முன் பஸ் கேட்போம்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், பைக் நிறுத்த இடமில்லை என்ற புகார் கிளம்பிவிடும். பெருநகரப் பல்கலைக்கழகம் என்றாலும் மலையடிவாரத்து அரசுக் கல்லூரி என்றாலும் இதே பேச்சுதான். மாணவர்கள் எழுதும் மனுவில் ஷெட் கட்டிக்கொடு என்பது முதல் வரியாக வந்துவிடுகிறது. தோழர்களே, கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பைக்கே இல்லாதவர் எப்படி வந்து சேருகிறார்?

எந்த வளாகத்திலும் வண்டி நிற்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலும் கார்களுக்குக் கூரை இருக்கும். மாணவர்களின் பைக் வெயிலில் காயும். சைக்கிள் பின்சுவர் ஓரம் கிடக்கும். பஸ்ஸில் வருபவர் இடமே கேட்பதில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் அவர் இல்லை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். அதே இடத்தில் ஆறு பைக் நிற்கும். பஸ்ஸில் வந்து இறங்கும் ஐம்பது பேருக்கு ஓர் அடி நிலம்கூட வளாகத்துக்குள் தேவையில்லை. குறைவாக இடம் எடுப்பவருக்குத்தான் குறைவாக மரியாதை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

வண்டி என்பது இந்த நாட்டில் வெறும் வண்டியாக இருந்ததே இல்லை. ஊர்த் தெருவில் சைக்கிளை ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு வேண்டாம் என்றது. சாதி அடையாளம் தீட்டிய சைக்கிளில் பள்ளிக்கு வரவும் கூடாது என்றது. சைக்கிள் ஸ்டாண்டுக்குள் சாதி நிற்கிறது என்பதை அரசு அமைத்த குழுவே எழுதிவிட்டது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் சொன்னது.

"அப்படியென்றால் பைக் நம் தன்மானம் அல்லவா? அதை விட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்கிறாயா?" என்று சில தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓட்டும் உரிமையில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் 1929-இல் சாலிஸ்கானில் பாபாசாகேப் அம்பேத்கருக்கு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கிய அவரை ஏற்றிச்செல்ல குதிரைவண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அவரை நடக்கவிட நம் மக்களுக்கு மனம் வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். வழியில் பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி, பாபாசாகேப் கல்தரையில் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. எல்லோருக்கும் பொதுவான வண்டி மறுக்கப்பட்டபோது, தன்மானத்தின் செலவையும் ஆபத்தையும் நாமே சுமக்க வேண்டி வந்தது. இன்று மாதத் தவணையில் பைக் வாங்கும் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

போடி மலைச்சரிவுக்கு வாருங்கள், இது இன்னும் தெளிவாகத் தெரியும். போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். அந்தக் கூலியில்தான் மகனின் பைக்குக்குத் தவணை கட்டப்படுகிறது. மகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தவணையும் இல்லை. அவள் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போய்விடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் படிப்பையே நிறுத்தச் சொல்வார்கள்.

நூறு வருடத்துக்கு முன்பே மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. தேயிலைப் பெட்டிக்காக மலையில் கம்பி கட்ட முடிந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மூடப்பட்ட ரயில் பாதையோ, 2023 ஜூன் 15-இல்தான் போடிக்கு மறுபடி ரயிலைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு வருடம்! அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் வயதைக் கடந்திருப்பார்கள்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இலவச சைக்கிள் திட்டம் 2001-02-இல் தொடங்கியதே ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத்தான். பிறகுதான் மற்றவர்களுக்கும் விரிந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் சைக்கிள் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறது, கல்லூரியோ சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இல்லை. டிக்கெட் இலவசம் என்றாலும், வகுப்பு நேரத்துக்கு பஸ் வந்தால்தான் அந்த இலவசத்துக்குப் பொருள்.

பைக்கைத் தடை செய்வதும் தீர்வல்ல. வளாகத்துக்குள் மோட்டார் வாகனங்களைக் கட்டுப்படுத்தினால் நாக் மதிப்பீட்டில் கணக்கில் சேரும். பசுமை வளாகம் என்று போர்டு வைத்து கேட்டைச் சாத்துவது சுலபம். சென்னை ஐஐடியில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் பெரும்பாலோர் விடுதியில் தங்குகிறார்கள், உள்ளேயே பஸ் ஓடுகிறது. தினமும் முப்பது கிலோமீட்டர் வந்துபோகும் பிள்ளையிடம் அதே விதியைக் காட்டுவது நியாயமில்லை.

அதனால் இப்படிச் செய்வோம். ஒரு வாரம் கல்லூரி கேட்டில் நின்று எண்ணுங்கள்: யார், எந்த ஊரிலிருந்து, எதில், எவ்வளவு நேரத்தில், என்ன செலவில் வருகிறார்கள்? பெண்களைத் தனியாக எண்ணுங்கள். பத்து ரூபாய் கட்டி, அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த வழித்தடத்தில் எத்தனை நடை அனுமதி, எத்தனை நடை ஓடுகிறது, எந்த நேரத்தில்? இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் மனு தானாக எழுதிக்கொள்ளும். முதல் வரி, வகுப்பு தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் பஸ். இரண்டாவது, வாசலுக்குப் பக்கத்து இடம் மாற்றுத்திறனாளிகளுக்கும் சைக்கிளுக்கும். மூன்றாவது, வளாகத்துக்குள் எந்த வண்டியிலும் சாதி ஸ்டிக்கர் கூடாது. பைக் ஷெட் நான்காவதாக வரட்டும்.

பஸ் வந்தால் பாதி பைக் வீட்டிலேயே நிற்கும். பார்க்கிங் பிரச்சினையும் பாதியாகும். அதைவிட முக்கியம், இன்று எந்தக் கணக்கிலும் இல்லாத அந்தத் தங்கை முதல் பீரியடில் உட்கார்ந்திருப்பாள்.

ஜெய்பீம்.