காதலுக்கு அருள்வாக்கு எதற்கு?

காதல் கசந்துவிட்டதா? கண்மூடித் தியானத்தில் அமர்க. கணவன் சினந்தானா? முற்பிறவிக் கணக்கைத் தீர்க்க வந்தவன் என்று பொறுத்திடுக. பேச்சு முறிந்ததா? இணைத்துவைத்த இறைவனிடமே முறையிடுக. இன்று இல்லறத்தாருக்கு வழங்கப்படும் ஆன்மிக அறிவுரையின் சாரம் இவ்வளவே. பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கி வந்தவர் போய், ஒலிபெருக்கி முன் புன்னகையோடு அமர்ந்தவர் வந்திருக்கிறார். ஆடை புதிது, கட்டணம் சற்று அதிகம், சரக்கு பழையதே.

பொறுமை நல்ல பண்புதான், மறுப்பாரில்லை. ஆனால் அது யார் தலையில் ஏற்றப்படுகிறது என்று கேட்கிறோம். தொழுநோய்க் கணவனைக் கூடையில் சுமந்து பரத்தையின் வாயிலில் இறக்கிய நளாயினியைக் கற்புக்கரசி என்று கொண்டாடிய நாடு இது. மனைவியின் ஆசைக்காக அவளைச் சுமந்து அயலான் வீட்டில் இறக்கிய கணவனுக்குப் பட்டம் தந்த புராணம் உண்டா?

செவ்வாய் தோஷத்தைப் பாருங்கள். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷமாம். வீடுகள் பன்னிரண்டு, குற்றமுள்ளவை ஐந்து. நூற்றுக்கு நாற்பது பேர் இந்த ஒரு கணக்கிலேயே சிக்குகின்றனர்! போதாதென்று சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணச் சொல்வோர் உண்டு. எண்ணினால் பாதி நாட்டுக்கு மேல் தோஷக்காரர். பிறகு ஊரில் திருமணம் நடப்பது எங்ஙனம்? அதற்குத்தான் விதிவிலக்குகள், பரிகாரங்கள், தட்சிணைகள். பூட்டும் அவர் செய்தது, சாவியும் அவர் விற்பது. 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதைக் கண்டு கைதட்டிய வீடுகளில்தான், மறுவாரமே மகளின் சாதகத்தில் செவ்வாயைத் தேடினார்கள்!

நம்மோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர். அவரை மூன்றாண்டு விரும்பிய இளைஞர், கல்லூரி மேடைகளில் பகுத்தறிவு முழங்கியவர். பெண் மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்றனர் பெற்றோர். இளைஞர் எதிர்த்தாரா? தந்தைக்கு இதயநோய், ஏதேனும் நேர்ந்தால் பழி நம்மேல் விழுமே என்று எழுதி விலகினார். விருச்சிகத்தின் வாலில், நூற்றுக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவில் எரியும் விண்மீன் ஒரு முதியவரின் நெஞ்சைக் குறிவைத்திருக்கிறது என்பதை அவர் நம்பவில்லையாம், அஞ்சினாராம்! நம்பாமலே அஞ்சும் இந்த நோய், நம்பி அஞ்சுவதைவிடக் கொடிது. நம்புகிறவனோடு வாதாடலாம், நம்பாமல் நடுங்குகிறவனோடு எதைப் பேசுவது?

திருக்குறளின் இன்பத்துப்பாலில் 25 அதிகாரங்கள். கடைசி அதிகாரத்தின் பெயர் ஊடலுவகை. காதலரின் பிணக்கைப் பாடியே வள்ளுவர் தம் நூலை முடிக்கிறார். ஊடல் கிரகக் கோளாறு அன்று, பாவத்தின் சம்பளமும் அன்று. இருவருக்கும் தனித்தனி மனம் உண்டு என்பதன் அடையாளம். பிணங்கும் உரிமை அற்ற இடத்தில் இருப்பது காதலா, பணிவிடையா? அந்த உரிமையைத்தான் 'சரணாகதி' என்ற அழகிய சொல்லால் பறிக்கிறார்கள்.

1967-இல் நிறைவேறி 1968-இல் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் கேட்பது என்ன? உற்றார், நண்பர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலியும் கட்டலாம். புரியும் மொழியில்! ஓமப்புகை நடுவே பொருள் தெரியாமல் தலையசைத்த சமுதாயத்துக்கு இது சிறு மாற்றமன்று.

ஆனால் அந்தப் புரியும் மொழி மணமேடையோடு நின்றுவிடுவது ஏன்? தலைவர் தலைமையில் மாலை மாற்றிய தோழர்களின் வீடுகளிலும், மறுநாள் விடியற்காலையில் அடுப்படிக்குப் போனவர் யார்? யார் சம்பளம் யார் கையில்? பிள்ளை எப்போது, எத்தனை? அவள் வேலையை விடட்டும் என்று அம்மா சொன்னால் நம் மறுமொழி என்ன? இவற்றையெல்லாம் குருநாதரின் திருவடியில் கேட்பானேன்? எதிரே அமர்ந்திருப்பவளிடமே கேட்கலாமே! கேட்டால், அவளும் திருப்பிக் கேட்பாள் என்ற அச்சமா, தோழரே?